மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று: ஒரு ரெக்கோட் பிளேயரும் எங்கள் ஜாஸ் கூட்டமும்

பதுளையில் இருக்கும் கூட்டாளி போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். என்னிடம் இருக்கும் அதே ரெக்கோட் பிளேயரைக் கொழும்பில் ஒரு கடையில் விலை குறைத்துப் போட்டிருக்கிறார்களாம். "எடுக்கலாமா மச்சான்? நீ இவ்வளவு நாளா பாவிக்கிற தானே?" தொலைபேசியில் ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். முடியவில்லை. கம்பனிப் பெயர் இங்கே வேண்டாம், கேட்டவனுக்குத் தெரியும். பெல்ட் ஓட்டமா, ஊசி என்ன ஊசி என்பதையெல்லாம் அவனே பெட்டியில் வாசித்துக்கொள்ளட்டும். பெட்டியில் எழுதாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது: வேகம்.

எல்.பி. என்கிற பெரிய இசைத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டும். என்னுடையது தானாக அந்தக் கணக்கில் நின்றதே இல்லை. இதை முதலில் கண்டுபிடித்தவர் டீமேக்கர் ஐயா. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். ரோலர் ஓடுகிற சத்தத்திலேயே அதன் உடம்புக்கு என்ன என்று சொல்லக்கூடியவர். இரண்டு பாட்டுக் கேட்டார். பிறகு ஒரு துண்டுக் கடுதாசியைத் தட்டின் நடுவில் ஒட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து எண்ணத் தொடங்கினார். "மூணு நிமிஷத்துக்குச் சரியா நூறு சுத்து வரணும் தம்பி. இது நாலு செக்கன் முந்தியே முடிச்சிருச்சு." 180 செக்கனில் முடிய வேண்டியது 176இல் முடிகிறது. நூற்றுக்கு இரண்டுக்கும் மேல் கூட. வேகம் கூடினால் சுருதியும் கூடும். இந்தக் கணக்குக்கு, அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும்.

இதைப் பார்க்க வேறு வழியும் இருக்கிறது. 180 கோடு அச்சடித்த வட்டக் கடுதாசி ஒன்று கிடைக்கும். நமது கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதனால் சோக் வைத்த பழைய டியூப் லைட் செக்கனுக்கு நூறு முறை மினுங்கும். அந்த வெளிச்சத்தில் வேகம் சரியென்றால் கோடுகள் அசையாமல் நிற்கும், பிழையென்றால் நகரும். வீட்டில் இப்போது முழுக்க எல்.ஈ.டி. பல்புகள். கோடும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் இன்றுவரை சட்டம் டீமேக்கர் ஐயாவின் கடிகாரம்தான்.

கடைக்குப் போன் எடுத்தேன். "இந்த விலைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அப்படியானால் 33⅓ என்று அச்சடிக்காமல் "ஏறக்குறைய" என்று போட்டிருக்கலாமே! மோட்டருக்கு நேர் கீழே, அடிப்பலகையில் சின்னத் துவாரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு திருகாணி. கடிகாரம் திருத்துகிறவர்கள் வைத்திருக்கும் சின்ன ஸ்குரூட்ரைவரால் மயிரிழை அளவு திருப்பினால் வேகம் மாறும். இது கையேட்டில் இல்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. திருப்பினோம், நூறுக்கு நூறு வந்தது. அது ஏப்ரல் வெயிலில். ஜனவரிக் குளிரில் பின்னேரம் போட்டால் அதே மெஷின் சோம்புகிறது. நாங்கள் இருக்கும் ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. குளிரில் எண்ணெய் தடித்து, ரப்பரும் விறைத்துவிடுகிறது. ஆட்கள் வருவதற்கு அரை மணி நேரம் முந்தியே சும்மா ஓடவிட வேண்டும். கூட்டம் எப்போதும் எண்ணிக்கையோடுதான் ஆரம்பம்.

நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்கிறேன். சத்தம் அருமை. பேஸ் தெளிவு, ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளுவதில்லை, இரைச்சல் இல்லை. 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாத இரவுகளில் போன் டவர்களின் பற்றரி செத்து, போனில் ஒரு பாட்டும் இறங்காமல் கிடந்தபோது, 12 வோல்ட் பற்றரி ஒன்றில் இதுவும் என் சின்ன அம்ப்ளிஃபயரும் ஓடின. அந்த மாதங்களில் கேட்டதுபோல் நான் ஒருநாளும் ஜாஸ் கேட்டதில்லை. ஆனால் அன்றும் முதல் வேலை எண்ணுவதுதான், மெழுகுதிரி வெளிச்சத்தில்.

எங்கள் கூட்டம் போயா தினங்களில், பௌர்ணமி விடுமுறைகளில். ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கு ஒரு பக்கம். பக்கம் முடியும்வரை பேச்சு இல்லை. நடுவில் தாண்டிப் போகவும் முடியாது, அதற்குப் பொத்தானே இல்லை. பிடிக்காததையும் இருபது நிமிடம் இருந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் இன்று உயிராக நினைக்கும் பாதித் தட்டுகள் அப்படிப் பிடிக்காமல் கேட்டவைதான். போன் செயலி தருகிற பரிந்துரையில் இது நடக்காது. முப்பது செக்கனில் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

அடுத்தது எதைத் தேடுவது என்பதற்குப் பின்னட்டை போதும். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் ப்ளூ’வைத் திருப்பினால் கூட வாசித்தவர்களின் பெயர்கள்: கொல்ட்ரேன், கெனன்போல் அடர்லி, பில் எவன்ஸ், வின்டன் கெலி, போல் சேம்பர்ஸ், ஜிம்மி கொப். அடர்லியின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் 1958இன் ‘சம்திங் எல்ஸ்’. அங்கே அடர்லி தலைவர், மைல்ஸ் கூட வாசிக்கிறவர். டீமேக்கர் ஐயா பிடித்தது போல் சேம்பர்ஸின் பேஸை. முன்னால் நிற்கிற யாரைப் பற்றியும் அவருக்குக் கவலையில்லை. அந்த ஒரு பெயரை வைத்தே கொல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெய்ன்’, அங்கிருந்து ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ என்று போனார். அதில் ‘மிஸ்டர் பி.சி.’ என்ற துண்டு சேம்பர்ஸுக்காகவே எழுதப்பட்டது என்று தெரிந்த அன்று, தன் சொந்தக்காரருக்குப் பட்டம் கிடைத்ததுபோல் ஒரு சிரிப்பு.

இனி வேகத்தால் வந்த பெரிய சண்டை. தலவாக்கலையில் இருந்து சங்கீத டீச்சர் வருவார். போனில் சுருதிப்பெட்டி வைத்திருப்பார். ‘கைண்ட் ஒஃப் ப்ளூ’ முதல் பக்கம், முதல் துண்டு, ‘ஸோ வட்’. "கரகரப்ரியா சுரங்கள்" என்றார் உடனேயே. "ராகம் இல்ல, கமகம் ஒண்ணுமில்ல, சுர வரிசை மட்டுந்தான்." பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, போனதும் எல்லோரும் சேர்ந்து அரைக் கட்டை, அதாவது அரைச் சுரம், மேலே தாவுவார்கள் பாருங்கள், எட்டு பாருக்கு. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பழைய இடத்துக்கே வந்து உட்காருவார்கள். டீச்சர் நிமிர்ந்துவிட்டார். நம் கச்சேரியில் ராகம் மாறலாம், ஆதார சுருதி மாறுமா? அந்தத் தாவலைக் கேட்கவே அந்தப் பக்கத்தை மறுபடி போடச் சொன்னார்.

மறுபடி போட்டபோதுதான் வினை. அந்தத் துண்டு இரண்டு கட்டையில் நிற்க வேண்டும். சுருதிப்பெட்டி இரண்டு கட்டையில் பாட, தட்டு அதற்கு மேலே நிற்கிறது. "மெஷின் இன்னும் வேகமா ஓடுது தம்பி, பாருங்க" என்றார் டீச்சர். டீமேக்கர் ஐயாவுக்குக் கோபம். அப்போதுதான் எண்ணி முடித்திருந்தார், சரியாக நூறு. தட்டைப் புரட்டி இரண்டாம் பக்கம் போட்டோம். ‘ஓல் ப்ளூஸ்’ ஐந்து கட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரே மெஷின், ஒரே தட்டு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் சரி. எப்படி?

இரண்டு பேர் சொன்னதும் சரி. முதல் பக்கத்தின் மூன்று துண்டுகளும் 1959 மார்ச் 2ஆம் திகதி, நியூயோர்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானவை. அன்று மூலநாடா ஓடிய மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் நாடாவில் பிடித்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறத்தான் செய்யும். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22இல் பதிவு, அதில் கோளாறு இல்லை. 1992இல்தான் இதைத் திருத்திய பதிப்பு வந்தது. எங்களிடம் இருப்பது தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் சாமான்கள் விற்றபோது வந்த பழைய தட்டு. முப்பது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க அந்தப் பக்கத்தை ஏறிய சுருதியில்தான் கேட்டிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், என் மெஷின் ஒழுங்கான மெஷினாக இருந்திருந்தால் இந்த விசயம் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரிய வந்திருக்காது. அதற்காக மெஷினுக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடிக்கிற தம்பி ஒருவன் வருவான். அவனுக்கு வேகம், சுருதி எதுவும் பொருட்டில்லை, தாளம் மட்டும். ‘டேக் ஃபைவ்’ கேட்டுத் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சுதான், ஆனா மூணும் ரெண்டும்" என்றான். டீச்சரின் ஐந்தெண்ணிக்கைத் தாளமான கண்டச் சாபு இரண்டும் மூன்றும். அதில் ஒரு பின்னேரம் போனது. ‘டேக் ஃபைவ்’வை எழுதிய போல் டெஸ்மண்ட் வாசித்த டேவ் புரூபெக்கின் குழு 1958இல் இலங்கைக்கும் வந்து வாசித்தது. ‘டேக் ஃபைவ்’ இருக்கிற தட்டு அடுத்த வருஷம்.

டியூக் எலிங்டனும் 1963இல் வந்தார். அந்தப் பயணத்தில் இருந்து பிறந்த ‘ஃபார் ஈஸ்ட் சூட்’டில் டில்லிக்கு ஒரு மைனா, ஆக்ராவுக்கு ஒரு துண்டு, இஸ்ஃபஹானுக்கு ஒன்று. இலங்கைக்கு ஒன்றுமில்லை. எனக்கு இதில் இன்னும் மனக்குறை. என் அந்தத் தட்டைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று கொண்டுபோனவன் யாரென்று பதுளைக்காரனுக்குத் தெரியும்.

இப்போது திருத்தின கதை. பெல்ட் தொய்ந்து, தட்டு நடுவில் இழுத்து இழுத்துப் பாடத் தொடங்கியது. டவுனில் ரேடியோ திருத்துகிற பாஸ் ஒருவர் "அதே சைஸ்தான்" என்று ஏதோ பழைய செட்டின் பெல்டைப் போட்டுத் தந்தார். எண்ணிப் பார்த்தோம், நூறு சரி. அந்தப் போயாவுக்கு டீச்சர் கொண்டுவந்தது அலிஸ் கொல்ட்ரேனின் ‘ஜேர்னி இன் சச்சிதானந்தா’, 1971. தலைப்பில் இருக்கிற சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்தவர். 1950களில் இலங்கைக்கு வந்து கண்டியில் தபோவனம் நடத்தியவர். பிறகு 1966இல் நியூயோர்க் போனார். டீச்சரின் அம்மா கண்டியில் அவர் பேசக் கேட்டிருக்கிறாராம். அதனால் அந்தத் தட்டை டீச்சர் கொஞ்சம் உரிமையோடுதான் தூக்கிவந்தார்.

அதில் அடியில் தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கும். மேலே ஹார்ப், ஃபெரோ சாண்டர்ஸின் சொப்ரானோ. தம்பூரா இருக்கிற தட்டில் எதையும் மறைக்க முடியாது. பெல்டின் ஒட்டுத் தடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் மோட்டரைக் கடக்கும்போது சுருதி ஒரு நூல் இறங்கி ஏறியது. டிரம்ஸில் தெரியாது, டிரம்பட்டிலும் கேட்காமல் விட்டுவிடலாம். தம்பூராவில் பொறுக்க முடியாது. டீச்சர் ஒரு பக்கம் முழுக்க வாயைத் திறக்கவில்லை, சட்டம் சட்டம்தானே. பக்கம் முடிந்ததும் தட்டை உறைக்குள் போட்டு, பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இத நான் இந்த மெஷின்ல இனிப் போட மாட்டேன்." மூன்று நிமிடத்துக்கு நூறு சரியாக வந்தாலும் ஒவ்வொரு சுற்றும் சமமாக இருக்க வேண்டுமே என்று டீமேக்கர் ஐயா அன்றுதான் தன் முறையின் ஓட்டையைச் சொன்னார். சரியான பெல்ட் வெளிநாட்டில் இருந்து வர வேண்டியிருந்தது. தபால் செலவோடு வந்த விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை.

அந்தப் பெல்ட் போட்டு இப்போது ஒழுங்காக ஓடுகிறது. பில் எவன்ஸின் நீண்ட பியானோச் சுரங்கள் நேராக நிற்கின்றன, தம்பூரா அசையவில்லை. டீச்சரும் தட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். குளிருக்கு இன்னும் அரை மணி நேரம் கொடுக்கத்தான் வேண்டும், திருகாணி இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிற ஸ்குரூட்ரைவரைத்தான் நம்பியிருக்கிறது.

ஆகவே மச்சான், எடுக்காதே. பத்துக்கு நாலு கொடுப்பேன், அதுவும் இன்று நல்ல மனநிலையில் இருப்பதால். டீச்சரைக் கேட்டால் ஒன்று குறைப்பார், டீமேக்கர் ஐயாவைக் கேட்டால் எட்டுச் சொல்லுவார், அவருக்கு எண்ண ஏதாவது வேண்டும். உன்னுடையதை எனக்குத் தருகிறாயா என்று இரண்டாவது செய்தியில் கேட்டிருந்தாய். தர மாட்டேன். விலை இறங்கியது மெஷினுக்கு மட்டும், பெல்ட் அதே விலைதான், விசாரித்துவிட்டேன். அப்படியும் எடுப்பதென்றால் பெல்ட் இரண்டாகச் சேர்த்து வாங்கு. ஒன்று எனக்கு.