டை ஹார்ட்: வீணாகாத சிறு பொருள்கள்

1988இல் ஜான் மெக்டியர்னன் இயக்கத்தில் வெளிவந்த ‘டை ஹார்ட்’ படத்தை, சண்டைக் காட்சிகளைவிட அதன் கதைக்கட்டுக்காகவே மீண்டும் பார்க்கலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் உயர்ந்த கட்டடம், பிரிந்து வாழும் மனைவியைக் காண வந்த ஒரு காவலர் என்று இடத்தையும் காலத்தையும் சுருக்கிக்கொண்டதால், எந்தச் சிறு பொருளும் வீணாவதில்லை. களைப்பு நீங்க வெறுங்காலோடு விரிப்பில் நடக்குமாறு விமானப் பயணி ஒருவர் சொல்லும் யோசனை முதலில் வேடிக்கையாகத் தோன்றுகிறது. அதே வெறுங்கால்கள் பின்னர் கண்ணாடிச் சில்லுகளை மிதிக்க நேரும்போதுதான் அந்த உரையாடலின் தேவை புரிகிறது. மனைவி ஹோலி கோபத்தில் கவிழ்த்துவைக்கும் குடும்பப் புகைப்படமும், அலுவலகம் அவருக்குப் பரிசளித்த கைக்கடிகாரமும் இவ்வாறே இறுதிக்கட்டத்தில் திரும்பி வருகின்றன. பண்டிகையும் வெறும் அலங்காரமன்று: பரிசுப் பொட்டலங்களுக்கான ஒட்டுநாடாவால்தான் நாயகன் தன் முதுகில் துப்பாக்கியை மறைக்கிறான். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. மின்சாரத்தைத் துண்டிக்கும் என்று கணக்கிட்டே, கட்டடத்தைக் கைப்பற்றிய கொள்ளைக் கூட்டத்தின் தலைவனாக ஆலன் ரிக்மன் நடித்த ஹான்ஸ், மின்சாரம் நின்றால் திறக்கும் பெட்டகத்தின் கடைசிப் பூட்டுக்காகக் காத்திருப்பது, என் பார்வையில், படத்தின் மிகச் சிறந்த திருப்பம். நாயகனின் பிள்ளைகளைத் திரையில் காட்டிவிடும் தொலைக்காட்சி நிருபரின் பாத்திரம் மட்டும் சற்று முரட்டுத்தனமாக வரையப்பட்டிருக்கிறது. ஆயினும் அவர் இல்லையேல் கவிழ்ந்த அந்தப் புகைப்படத்தை ஹான்ஸ் நிமிர்த்திப் பார்த்திருக்க மாட்டான்.