தடித்த எஞ்சின் பாகங்களை அறுக்க எந்தக் கருவி? பிறைப் பட்டறை அனுபவம்

பினாங்கு, பிறையில் உள்ள எங்கள் பட்டறையில், ஓட்டம் முடிந்த லோரி, கார் எஞ்சின்களை அறுத்து, தொழிற்பயிற்சி மாணவர்கள் உள்ளமைப்பைப் பார்த்துப் பயிலும் மாதிரிகளாக ஆக்கித் தருகிறோம். பழைய இரும்புக்குப் போடுபவருக்கு வேகம் போதும். எங்களுக்கோ அறுத்த முகம் நேராகவும், சூட்டில் நிறம் மாறாமலும் இருக்க வேண்டும்.

அதனால் காஸ் கட்டிங், அதாவது வாயுச் சுடரில் சூடாக்கி ஆக்சிஜன் பாய்ச்சி உலோகத்தை எரித்து அறுக்கும் முறை, எங்களுக்கு உதவுவதில்லை. வார்ப்பிரும்பு ஆக்சிஜனில் எரியத் தொடங்கும் முன்பே உருகிவிடுகிறது. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகினாலும், அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் 2,000 பாகையைத் தாண்டித்தான் உருகும். இரண்டிலும் சிதைந்த விளிம்புதான் மிஞ்சும்.

எஞ்சின் பிளாக் உருவில் பெரிதானாலும் உள்ளே கூடு என்பதால், உள்ளே தெரிய அதில் சன்னல் திறக்க, வட்டு சுழற்றி வெட்டும் கைக் கருவியான கிரைண்டர் போதும். மூலைகளில் துளையிட்டு, இடைக்கோட்டை 9 அங்குலக் கட்டிங் டிஸ்க்கால் வெட்டி, மூலையை ஒட்டிய மிச்சத்தைக் கார்பைடு பல் பதித்த கை மின்ரம்பத்தால் முடிக்கிறோம். 9 அங்குல டிஸ்க்கின் வேக வரம்பு பொதுவாக நிமிடத்துக்கு 6,600 சுற்று. அதை வேகமாகச் சுழலும் சிறிய கிரைண்டரில் மாட்டுவது உயிருக்கே ஆபத்து. பினாங்கின் ஈரக்காற்றில் டிஸ்க்கின் பிசின் பிணைப்பு வலுவிழக்கும் என்பதால், மூடிய பெட்டியில் வைத்து, நடு வளையத்தில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதியையும் பார்த்தே எடுக்கிறோம்.

சிலிண்டர் ஹெட், பிஸ்டன், லைனர், கிராங்க்ஷாஃப்ட் ஆகியவற்றுக்கு மெட்டல் பேண்ட்சாவுக்கு (வளையமாக ஓடும் பட்டை பிளேடால் உலோகம் அறுக்கும் இயந்திரம்) இணையாக வேறொன்றையும் நான் காணவில்லை. ஆனால் வாங்குவோர் மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்கிறார்களே தவிர, பிளேடைக் கேட்பதில்லை. என் அனுபவத்தில் வேலையின் தரத்தைத் தீர்மானிப்பது பிளேடுதான். எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், மெல்லிய சுவருக்கு நெருக்கமான பற்களும், தடித்த திண்மப் பகுதிக்கு அகன்ற பற்களும் தேவை. அடர்ந்த பற்களைத் தடித்த பாகத்தில் ஓட்டினால் பல்லிடைகளில் துகள் அடைத்து, பிளேடு கோணலாக ஓடும். நாங்கள் 8 விழுக்காடு கோபால்ட் கலந்த எம்42 எஃகுப் பற்களை வளையும் எஃகுப் பட்டையில் இணைத்த பைமெட்டல் பிளேடையே வைத்திருக்கிறோம். சாதாரண கார்பன் பிளேடைவிட விலை அதிகம் என்றாலும், அது உழைக்கும் காலத்தைப் பார்த்தால் மலிவுதான். புதிய பிளேடை முதல் சில அறுப்புகளில் பாதி அழுத்தத்தில் பழக்காவிட்டால், கூர்முனைகள் நுண்ணியதாக உடைந்து, அதன் ஆயுள் தொடக்கத்திலேயே குறைந்துவிடும்.

வார்ப்பிரும்பை உலர்வாகவே அறுக்க வேண்டும். அதிலுள்ள கிராஃபைட்டே உராய்வைக் குறைக்கிறது, குளிர்விக்க எண்ணெய் கலந்த நீர் விட்டாலோ துகள் சேறாகிவிடும். எஃகுக்கு மட்டும் எண்ணெய் நீர் விடுகிறோம். கிராங்க்ஷாஃப்டின் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி) மேற்பரப்பு பெரும்பாலும் கடினமாக்கப்பட்டிருப்பதால், அந்த மேல்தோலை கிரைண்டரால் சுற்றிலும் கீறி நீக்கிய பிறகே பேண்ட்சாவில் ஏற்றுகிறோம். நேரடியாக வைத்தால் நல்ல பிளேடும் பல் மழுங்கிப் போகும்.

வால்வுகளில் தனிக் கவனம் வேண்டும். சில எஞ்சின்களின் எக்சாஸ்ட் வால்வுத் தண்டுக்குள் சோடியம் நிரப்பப்பட்டிருக்கும். அறுக்கும்போது அது வெளிப்பட்டு எண்ணெய் நீரில் பட்டால் தீப்பற்றி வெடிக்கும். ஆகவே எஞ்சினின் கையேட்டில் உறுதிசெய்யாத எந்த எக்சாஸ்ட் வால்வையும் நாங்கள் அறுப்பதில்லை. முழுதாகக் கழற்றி, மாதிரியின் பக்கத்தில் தனியே பொருத்தித் தருகிறோம்.