முதல் ரீஃப் டேங்க்: கடல் தண்ணீரா உப்பு வாளியா, ஃபேனா சில்லரா?

கொளத்தூரில் மெரைன் மீன் விற்கிற கடைக்குள் புதிதாக நுழைபவர் முதலில் கேட்பது, "அண்ணே, நீமோ ஜோடி எவ்வளவு?" நானும் அதைத்தான் கேட்டேன். மூன்று கோடையைத் தாண்டிய தொட்டி ஒன்று இப்போது வீட்டில் இருக்கிறது. இன்றைக்குக் கேட்டால் மீன் கடைசிக் கேள்வி என்பேன். ரீஃப் டேங்க் என்பது பவளமும் கடல் மீனும் வளரும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. சென்னையில் இந்தப் பவளத் தொட்டி நிலைப்பதும் நாசமாவதும் தண்ணீரிலும் வெயிலிலும்தான். அதனால் அந்த இரண்டையும் கொஞ்சம் நின்று பார்ப்போம், மற்றதெல்லாம் போகிற போக்கில்.

முதலில் அளவு. மேஜை மேல் அழகாக உட்காரும் 30 லிட்டர் குட்டித் தொட்டி (நானோ என்பார்கள்) ஒரு பக்கம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி இன்னொரு பக்கம். இதில் கல்லும் மணலும் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். சின்னதில் செலவு குறைவு, பழகிக்கொண்டு பெரிதுக்குப் போகலாம் என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் தலைகீழாக இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு. சனி, ஞாயிறு ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் நானோவில் 2 லிட்டர் போனால் 35 என்பது 37.5 ஆகிவிடும். பெரிய தொட்டியில் 6 லிட்டரே போனாலும் 36.4-ஐத் தாண்டாது. மறந்துபோய் அதிகமாகப் போட்ட தீனி, செத்துப்போன நத்தை, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பெரிய தொட்டி புதியவனின் தவறைப் பொறுத்துக்கொள்ளும்.

பெரியதற்கு எதிராக ஒன்று உண்டு, எடை. கண்ணாடி, ஸ்டாண்டு, கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவுக்குக் குறையாது. அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர் என்றால் 2 அடி தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

சரி, தண்ணீர். "பெசன்ட் நகரில் அவ்வளவு கடல் கிடக்கிறது, இவன் வாளியில் உப்பு வாங்கிக் கரைக்கிறான்" என்று பெரியப்பா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோடையில், கரையை விட்டு நன்றாகத் தள்ளிப் படகில் போய் எடுத்த தண்ணீர் அருமையானது. எல்லா உப்பும் அளவோடு இருக்கும், விலையும் கிடையாது. கரையோரத் தண்ணீர் அப்படியல்ல. அலை கலக்கிய சேறும், கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்க்கும் சாக்கடையும் அதில் இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த பிறகு, கரையோரத்தில் மொண்டு வர எனக்கு மனம் வரவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பருவமழை. ஒரு நவம்பரில் கடை ஒன்றிலிருந்து ஐந்து கேன் கடல் தண்ணீர் வாங்கினேன். அப்படியே ஊற்றியிருப்பேன். அன்றுதான் உப்பின் அளவைக் காட்டும் புது ரிஃப்ராக்டோமீட்டர் வந்திருந்தது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாத்தி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேர்கிற கோடு 35-இல் நிற்க வேண்டும், நின்றதோ 27-இல். துடைத்து மறுபடி பார்த்தேன், அதே 27. கடைக்காரரைக் கேட்டால், "மழைக்காலம் தம்பி, அப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுத் தண்ணீர் கலந்து கரையோரக் கடல் நீர்த்துப்போகும். ஆனால் இந்தத் தண்ணீரை நம்பினால் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கடல் வீட்டுக்கு வரும். அதை எந்தப் பவளமும் தாங்காது.

உப்பு வாளி என்பது கடல்நீரில் உள்ள உப்புகளைக் கலந்து வாளியில் விற்கும் தொட்டி உப்பு. அதன் பலம் ஒரே மாதிரி இருப்பதுதான். லிட்டருக்கு 36 கிராம் வாக்கில் போட்டு, சின்ன பம்ப் ஒன்றை ஓடவிட்டு, ஒரு ராத்திரி விட்டால் காலையில் 35 காட்டும். வாரம் பத்து சதவீதம் மாற்றும் 160 லிட்டர் தொட்டிக்கு 20 கிலோ வாளி ஐந்து மாதத்துக்கு மேல் வரும். மரக்காணம் கல் உப்பைப் போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. உப்பளப் பாத்தியில் கால்சியம் முதலிலேயே அடியில் படிந்துவிடும். மக்னீசியம் கடைசியில் வடித்துக் கொட்டும் நீரோடு போய்விடும். நடுவில் நமக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. குழம்புக்குச் சரி, பவளத்துக்கு ஆகாது.

உப்பு வாளிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கரைக்கிற தண்ணீரில் எதுவும் இருக்கக் கூடாது. அடுப்படி ஆர்ஓ இருக்கிறதே என்றால், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அதன் குழாயில் வைத்துப் பாருங்கள். என் வீட்டில் 70 காட்டியது. குடிக்க ருசி வேண்டும் என்று பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் வசதி பல மெஷின்களில் உண்டு. கேன் தண்ணீரிலும் பெரும்பாலும் தாதுக்கள் சேர்த்திருப்பார்கள். ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்தால் டிடிஎஸ் 0-க்கு இறங்கும். ஆவியான தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுவதும் இதே 0 தண்ணீர்தான், உப்புத் தண்ணீர் இல்லை. இந்தக் குழாயைச் சேர்க்காதவர்கள்தான் மூன்றாம் மாதம் பச்சைப்பாசியோடு மல்லுக்கட்டுவார்கள்.

கல்லில் யோசிக்கவே வேண்டாம். கடலில் எடுத்த லைவ் ராக், அதாவது உயிர்கள் ஒட்டிய கல், வந்தால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா இலவசம், தொட்டி சீக்கிரம் தயாராகும். ஆனால் நம் கடலில் அந்தக் கல் என்பது பவள எலும்புக்கூடுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே கடினப் பவளங்கள் சேர்ந்துவிட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்ததென்று யாராவது ஈரச் சாக்கில் காட்டினால் வெளியே வந்துவிடுங்கள். செயற்கையாகச் செய்த காய்ந்த கல் போதும். மார்க்கெட்டில் வாங்கிய இறால் ஒன்றைத் தொட்டியில் போட்டு அழுகவிட்டால் அம்மோனியா வரும், அதைத் தின்று பாக்டீரியா பெருகும். நான்கு முதல் ஆறு வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கும். நடுவில் மணலெல்லாம் பழுப்பாகும், பயப்பட வேண்டாம்.

இப்போது வெயில். தொட்டி 25-லிருந்து 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதம் சென்னை வீட்டில் மதியம் அறையே 34. பம்ப், விளக்குச் சூடு வேறு. 31-இல் நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் ஊதும் ஃபேன் மண்பானை வேலை செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, கரண்ட் கணக்கில் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வேண்டும். அதைத் தொட்டியிலிருந்துதான் எடுக்கும். சில வாட் மின்சாரத்தில் 2, 3 டிகிரி இறங்கிவிடும். மண்பானைக்கு உள்ள குறையே இதற்கும் உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் குளிராது. கடற்காற்று வந்து சட்டை முதுகில் ஒட்டுகிற சாயங்காலங்களில் என் ஃபேன் ஒரு டிகிரி இறக்கவே திணறும். தண்ணீரும் வேகமாகக் குறையும், ஆகவே தானாக நீர் நிரப்பும் ஏடிஓ இல்லாமல் ஃபேன் வைக்காதீர்கள்.

சில்லர் என்பது ஃப்ரிட்ஜ் மாதிரி தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின். அது ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாது, வைத்த டிகிரியில் நிறுத்தும். பதிலுக்கு விலை, சத்தம், கரண்ட் பில். தொட்டியில் எடுத்த சூட்டை அதே அறைக்குள் கக்குவதால் சின்ன அறை அடுப்படி ஆகும். இன்னொன்று, கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனையும் அலை பம்பையும் மணிக்கணக்கில் தாங்கும், சில்லரைத் தாங்காது. மிக்ஜாம் புயலுக்குப் பிந்தைய இருட்டில் எங்கள் தொட்டி பிழைத்தது பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றால். குளிர் வேண்டியிருக்கவில்லை, மீனுக்கு மூச்சுதான் வேண்டியிருந்தது.

ராத்திரி ஏசி போடும் அறையில் தொட்டி இருந்தால் ஃபேன் போதும். கூடத்தில், மேற்குச் சுவரை ஒட்டி இருந்தால் சில்லருக்கு இப்போதே பணம் சேர்க்கத் தொடங்குங்கள். நான் இரண்டாவது கோடையில் வாங்கினேன். முதல் கோடையில் வாங்கியிருந்தால் லெதர் என்ற மென்பவளம் ஒன்று மிஞ்சியிருக்கும்.

விளக்கில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். மென்பவளத்துக்கு நீலமும் வெள்ளையும் கலந்த நடுத்தர எல்இடி போதும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரை ஆறு மாதம் கழித்து வாங்கினாலும் குடி முழுகாது.

உயிர்களில் கடினப் பவளமா மென்பவளமா என்பதில் சட்டம் பாதி முடிவைச் சொல்லிவிட்டது. "இறக்குமதிதான், பில் இருக்கு" என்பார்கள் கடைக்காரர்கள், கடினப் பவளத்தை நான் தொடுவதில்லை. கடல் குதிரையும் கடல் அட்டையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மஷ்ரூம், லெதர், ஜோவா மூன்றும் புதியவனுக்குத் தாராளம். ஜோவாவைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே போடாதீர்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, ஆவியில் வந்தாலும் ஆளைச் சாய்க்கும்.

மீனில், பண்ணையில் பிறந்த கோமாளி மீன் (அதுதான் நீமோ) ஜோடியைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கடலில் பிடித்ததைவிட அது தீனிக்குச் சீக்கிரம் பழகும். பிள்ளைகள் கேட்கும் நீல டோரி ஓர் அடி வளரும், 3 அடி தொட்டியில் அது சிறைவாசம்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், ஐப்பசி, கார்த்திகை. அறை குளிர்ந்திருக்கும், இறால் அழுகி அடங்க ஆறு வாரம் போகும், பொங்கலுக்கு முதல் ஜோடி இறங்கும். மார்ச் முதல் வாரத்திலிருந்து மதியம் மூன்று மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிவாருங்கள். மாதக் கடைசியிலேயே 28 தாண்டினால் சில்லர் வாங்கிவிடுங்கள்.