மைக்ரோ சிடிக்கு தங்க நானோ கான்ட்ராஸ்ட், 15 நானோமீட்டர் வகை: காசுக்கு வொர்த்தா?

எலியை வச்சு மைக்ரோ சிடி (சின்ன உருப்படியை நுணுக்கமா படம் எடுக்கிற சிடி ஸ்கேன்) பண்றவங்களுக்கு மட்டும்தான் இந்த ரிவ்யூ. ஆஸ்பத்திரி சிடிக்கு இத தேடி வந்தவங்க இப்பவே திரும்பிடலாம், பாட்டில் மேலயே ஆராய்ச்சிக்கு மட்டும்னு ஒட்டிருப்பாங்க, எக்ஸ்ரே கான்ட்ராஸ்டா, அதாவது படத்துல தெளிவா தெரியுறதுக்காக, மனுஷங்களுக்கு ஏத்துற தங்க நானோ துகள் எதுக்கும் இன்னும் அப்ரூவல் கிடையாது. கீழ கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன், அதனால கம்பெனி பேரை போடல. மேல பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) கோட்டிங், உள்ள 15 நானோமீட்டர் தங்கம், இந்த மாதிரி எத வாங்கினாலும் நான் சொல்றதுல முக்காவாசி பொருந்தும்.

முதல்ல தீர்ப்பு: ரத்தக்குழாய் பாக்கணும்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். ஆனா அவங்க பிரோஷர்ல பெருசா போட்டிருக்கிற காரணத்துக்காக வாங்காதீங்க.

அந்த காரணம் என்னன்னா, ஒரே எடைக்கு அயோடினை விட தங்கம் 2.7 மடங்கு எக்ஸ்ரேயை தடுக்குமாம். பொய் இல்ல. எக்ஸ்ரேயோட எனர்ஜியை கேஇவில சொல்வாங்க, 100 கேஇவில தங்கம் தடுக்கிற அளவு கிராமுக்கு 5.16 சதுர செ.மீ., அயோடின் 1.94, வகுத்து பாத்தா கணக்கு சரியாத்தான் வருது. ஆனா மைக்ரோ சிடில எவன் 100 கேஇவில ஸ்கேன் பண்றான்? எக்ஸ்ரே ட்யூப்ல வோல்டேஜை 60, 70 கேவி வச்சு அலுமினியம் ஃபில்டர் போட்டா வர்ற கதிர்ல பெரும்பங்கு 30ல இருந்து 50 கேஇவிக்குள்ளதான் இருக்கும். அங்க கதை அப்படியே தலைகீழ். அயோடினோட கே எட்ஜ் (தடுக்கிற சக்தி திடீர்னு ஏறுற எனர்ஜி) 33.2 கேஇவி, அத தாண்டினதும் அயோடின் ஒரேயடியா எகிறிடும், தங்கத்தோட கே எட்ஜ் 80.7ல இருக்கு, அதனால நடுவுல இருக்கிற ஏரியா முழுக்க அயோடின் ராஜ்ஜியம்தான். 40 கேஇவில அயோடின் 22, தங்கம் 13. 60ல அயோடின் 7.6, தங்கம் 4.5. ஆஸ்பத்திரில 120 கேவில எடுக்கிற சிடிக்கும் சராசரி எனர்ஜி 60, 70 பக்கம்தான் வரும், அங்கயும் அந்த 2.7 மடங்கு கிடைக்காது. விக்கிறவங்களுக்கு இது தெரியாமலா இருக்கும், தெரிஞ்சுதான் அந்த ஒரு நம்பரை மட்டும் எடுத்து போடுறாங்க.

ஆனா இதே கணக்குல நமக்கு சாதகமா ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு, மேனுவல்ல அத பத்தி ஒரு வரி கூட இல்ல. 33க்கு கீழ இறங்கினா மறுபடியும் தங்கம் மேல வந்துடும், 30 கேஇவில தங்கம் 27.5, அயோடின் 8.6, அதாவது மூணு மடங்கு. எலி சின்ன உருப்படி, கம்மி கேவியே உள்ள பூந்து வெளிய வந்துடும். அதனால 70ல வச்சிருக்கிறத 40, 45க்கு இறக்கி, தடி ஃபில்டரை எடுத்துட்டு மெல்லிசு போட்டு பாருங்க, அதே எலி, அதே மருந்து அளவு, குழாய் எல்லாம் பளிச்சுனு தெரியும். கதிர்வீச்சு அளவு ஏறும்கிறத மட்டும் கணக்குல வச்சுக்கோங்க, ஒரே எலியை வாரா வாரம் ஸ்கேன் பண்றவங்க இத சும்மா விடக்கூடாது. 2006ல ஹெய்ன்ஃபெல்ட்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு எலில தங்க நானோ துகளை காட்டினப்ப கூட மாமோகிராம் மெஷின்லதான் எடுத்தாங்க, அது கம்மி எனர்ஜி மெஷின், படம் அவ்வளவு அழகா வந்ததுல அதுக்கும் பங்கு இருக்கு.

சரி, அப்ப எதுக்குத்தான் இத வாங்கணும்? டைம். அவ்வளவுதான். சாதா அயோடின் கான்ட்ராஸ்ட் சின்ன மாலிக்யூல், எலிக்கு ஏத்தினா ரத்தக்குழாயை விட்டு வெளிய கசிஞ்சு, கிட்னி வழியா சில நிமிஷத்துலயே மூத்திரப்பைக்கு போயிடும். நம்ம ஸ்கேனோ பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடும், இதயத்துக்கு கேட்டிங் (துடிப்போட சேத்து படம் எடுக்கிறது) போட்டா இன்னும் இழுக்கும். ஸ்கேன் பாதில இருக்கும்போதே மருந்து காலி, படத்துல கிட்னியும் மூத்திரப்பையும் மட்டும் ஜொலிக்கும். கிட்னி வடிகட்டுற ஓட்டை சுமாரா 5.5 நானோமீட்டர்தான், 15 நானோமீட்டர் தங்கமும் மேல பெக்கும் சேந்தா அதுல நுழையவே முடியாது, அதனால மணிக்கணக்கா ரத்தத்துலயே சுத்திட்டு இருக்கும். காலைல ஏத்திட்டு சாவகாசமா ஸ்கேன் போடலாம், மோஷன் ஆகி படம் கெட்டா திரும்ப எடுக்கலாம், மறுபடி ஊசி போட வேணாம். வால் நரம்புல ஊசி போட்டு பழகினவங்களுக்கு இந்த ஒரு வசதியோட அருமை தெரியும்.

பாட்டிலை பத்தி. பவுடரா வருது, பஃபர்ல கரைக்கணும், கரைச்சதும் மை மாதிரி கருகருன்னு இருக்கும், பயப்படாதீங்க, ஒரு சொட்டு எடுத்து நிறைய தண்ணில விட்டு பாருங்க, ஒயின் சிவப்பு தெரியணும். அதுதான் நல்ல சரக்குக்கு அடையாளம். ஊதாவோ நீலமோ அடிச்சா துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டி சேந்துடுச்சுன்னு அர்த்தம், அத ஏத்தவே ஏத்தாதீங்க, நுரையீரல்ல போய் அடைச்சுக்கும். கோட்டிங் இல்லாத தங்க கொல்லாய்டு (திரவத்துல மிதக்கிற நுண்துகள்) சலைன்ல பட்டாலே இப்படி நிறம் மாறும், லேப்லயே தயாரிச்சுக்கலாம்னு கிளம்புறவங்க மாட்டிக்கிற இடமும் இதுதான். எங்களுக்கு வந்த ஒரு லாட்ல (ஒரே தடவைல தயாரிச்ச சரக்கு) அடில பிசுபிசுன்னு கொஞ்சம் தங்கி கரையவே இல்ல, மெயில் போட்டோம், வேற பாட்டில் அனுப்பிட்டாங்க, ஆனா ஏன் அப்படி ஆச்சுன்னு கேட்டதுக்கு கடைசி வரைக்கும் பதில் இல்ல. ரெண்டு ஸ்டார் குறைச்சதுல ஒண்ணு இதுக்கு.

டோஸ் கணக்கு ஒண்ணு சொல்றேன். 25 கிராம் எலிக்கு ரத்தம் சுமாரா 2 மில்லி. ஒரு மில்லில 200 மில்லிகிராம் தங்கம் இருக்கிற கரைசல்ல 0.1 மில்லி ஏத்தினா 20 மில்லிகிராம், ரத்தத்துல மில்லிக்கு 10 மில்லிகிராம் வரும், குழாய் நல்லா தெரிய இது போதும். காது, பாதம், வால் எல்லாம் கருத்துப்போகும், எலி பாட்டுக்கு ஓடியாடிட்டு இருக்கும், எலிகளை பாத்துக்கிறவங்க கிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லன்னா பதறிடுவாங்க.

இன்னொரு ஸ்டார் போனது கல்லீரலுக்கு. ரத்தத்தை விட்டு போற தங்கம் உடம்பை விட்டு போறதில்ல, கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் இருக்கிற மேக்ரோஃபேஜ் செல் முழுங்கி வச்சுக்கும், மாசக்கணக்கா அங்கயே கிடக்கும். ரெண்டு வாரம் கழிச்சு அதே எலியை ஸ்கேன் பண்ணா ஊசி போடாமலே கல்லீரல் வெள்ளையா நிக்கும், ஒப்பிட்டு பாக்கிறதுக்கான பேஸ்லைன் போச்சு. கட்டி வளருதா சுருங்குதான்னு பல வாரம் ஃபாலோ பண்ற ஸ்டடின்னா இத முதல்லயே யோசிச்சு வைங்க. கல்லீரலையே பாக்கிறதுதான் உங்க வேலைன்னா இது குறை இல்ல, வரம்னே சொல்லலாம், கட்டில மேக்ரோஃபேஜ் கம்மி, அதனால வெள்ளை கல்லீரல்ல கட்டி கருப்பா தனியா தெரியும். ஆனா அதுக்கு தங்கம் தேவையே இல்ல, பேரியம் மாதிரி உலோகத்துல செஞ்ச நானோ கான்ட்ராஸ்ட் இருக்கு, அது போதும், இன்னும் நல்லாவே வேலை செய்யும்.

தங்கம் தங்காம வெளிய போகணும்னா 1.9 நானோமீட்டர் வகை இருக்கு, அது கிட்னி வழியா போயிடும், யூரிட்டர் (கிட்னில இருந்து மூத்திரப்பைக்கு போற குழாய்) எல்லாம் நூல் மாதிரி தெரியும், ஆனா ரத்தத்துல ரொம்ப நேரம் நிக்காது. ரெண்டும் ஒரே பாட்டில்ல வேணும்னா நடக்காது, சைஸ்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது.

மனுஷங்களுக்கு ஏன் வரலன்னு லேப்ல புதுசா சேர்ற பசங்க எல்லாரும் கேப்பாங்க. 5 லிட்டர் ரத்தத்துக்கு மில்லிக்கு 8 மில்லிகிராம்னு வச்சாலே 40 கிராம், அஞ்சு பவுன் தங்கம்! விலையை விடுங்க, ஒரு சிடிக்கு அயோடினும் 30, 35 கிராம் போகுது, ஆனா அது ஒரே நாள்ல மூத்திரத்துல போயிடும், இந்த அஞ்சு பவுனும் கல்லீரல்ல உக்காந்துக்கும். உலோக துகளை உடம்புல விட்டு வச்சா என்ன ஆகும்னு தோரோட்ராஸ்ட்ல ஏற்கனவே பாத்தாச்சு. தோரியம் டைஆக்சைடு கொல்லாய்டு அது, 1930கள்ல இருந்து ஏத்தினாங்க, படம் பிரமாதமா வந்துச்சு, பல வருஷம் கழிச்சு கல்லீரல் புற்றுநோயா வந்து நின்னுச்சு. தங்கம் தோரியம் மாதிரி கதிர் விடாது, உண்மைதான், ஆனா அனுமதி குடுக்கிற இடத்துல இருக்கிறவங்களுக்கு அந்த பயம் போகல, போகவும் கூடாது. மனுஷங்க வரைக்கும் வந்ததுல ஒண்ணு ஹாஃப்னியம் ஆக்சைடு, 2019ல ஐரோப்பால விக்கிறதுக்கான சிஇ மார்க் வாங்கிச்சு, ஆனா அது கான்ட்ராஸ்ட் இல்ல, ரேடியோதெரபிக்கு பலம் கூட்ட கட்டிக்குள்ளயே நேரா குத்துறது.

ஃபோட்டான் கவுண்டிங் டிடெக்டர் இருக்கிற லேப்னா என் ரேட்டிங்ல ஒரு ஸ்டார் கூட்டிக்கோங்க. அந்த மெஷின் எனர்ஜியை பிரிச்சு எண்ணும், 80.7க்கு மேலயும் கீழயும் தனித்தனியா பாத்து தங்கத்தை மட்டும் கலர்ல காட்டிடும், எலும்பு கால்சியத்தோட குழம்பாது. அதுக்கு ட்யூப் 100 கேவிக்கு மேல போகணும், ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி உங்க மெஷின் அவ்வளவு ஏறுமான்னு பாத்துக்கோங்க. அப்படியே எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) ரிப்போர்ட்டை லாட் நம்பரோட கேட்டு வாங்குங்க, கேக்கலன்னா அவங்களா அனுப்ப மாட்டாங்க.