அல்வா இறங்கும், சோறு இறங்காது

2021 பிப்ரவரியில், மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி செய்தார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் ‘வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன்’. சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கும் அதிகமாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாயாக விட்டுவைப்பார்கள். அன்று எனக்கு வயது 41, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 118 கிலோ. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் இரவில் முகமூடி இயந்திரம் மாட்டிக்கொண்டுதான் படுப்பேன். சர்க்கரைக்கு இரண்டு மாத்திரையும் இரவு ஊசியும் இருந்தன. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் முதல் மாடிக்கு ஏறினால், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் வருகைப் பதிவேட்டைத் திறக்க முடியும்.

முதல் மாதத்தில் 9 கிலோ குறைந்தது. ஆறாம் மாதம் 92, ஒரு வருடத்தில் 82, ஒன்றரை வருடத்தில் 78. பிறகு 86 வரை ஏறினேன். இன்று 83. என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் அந்த 118க்கும் 78க்கும் இடையில் நடந்ததைத்தான் கேட்கிறார்கள். 78க்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றுதான் நான்கரை ஆண்டு கழித்து இதை எழுதுகிறேன்.

மருத்துவமனையில் கையில் கொடுத்து அனுப்பிய உணவு அட்டவணையில் ஓட்ஸ், பிராக்கோலி சூப், பனீர், ஆப்பிள் கூழ் என்று இருந்தது. அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, “இதில் நம் வீட்டுச் சாமான் ஒன்றுகூட இல்லையே தாயி” என்று சொன்னாள். அந்தத் தாளைத் திருநெல்வேலிச் சமையலுக்கு மாற்றி எழுதியது என் மதினிதான். முதல் இரண்டு வாரம் நீராகாரம்: பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, கடைந்து, வடிகட்டிய தண்ணீர், உப்புக் குறைத்த நீர்மோர், பாலில் கரைத்த புரோட்டீன் பவுடர். அடுத்த இரண்டு வாரம் மசியல்: மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்த தயிர், குழம்பிலிருந்து எடுத்து முள் நீக்கி மசித்த பாறை மீன், அவித்த முட்டையை மோர் விட்டுப் பிசைந்தது. கூட்டாஞ்சோற்றில் போடும் காய்களை எல்லாம் அரிசி இல்லாமல் பருப்போடு மட்டும் வேகவைத்துக் கொடுத்தார்கள். காப்பி டம்ளர் அளவு கிண்ணத்தில் பாதியைச் சாப்பிட அரை மணி நேரம் ஆனது. இரண்டாம் மாதம்தான் கெட்டியான உணவுக்கு வந்தேன்.

ஒரு நாளைக்கு 60 கிராம் புரதத்துக்குக் குறையக் கூடாது என்பது மருத்துவர் போட்ட கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. நூறு கிராம் மீனில் 20 கிராம் போல வரும். அந்த நூறு கிராமை மூன்று வேளைக்குப் பிரித்தால்தான் உள்ளே போகும். இரண்டு இட்லியில் நான்கு கிராம் கிடைத்தாலே அதிகம், ஆனால் இரண்டு இட்லி சாப்பிட்டால் வேறு எதற்கும் இடமில்லை. காலையில் இட்லி தவிர வேறு அறியாமல் வளர்ந்த எனக்கு இதை ஏற்றுக்கொள்ள மனம் வரவே இல்லை. முதல் ஆறு மாதம் பவுடர் இல்லாமல் 60ஐத் தொட்டதே கிடையாது. பவுடரை வெறுத்து ஒதுக்குகிறவர்களுக்கு என் பதில் அதுதான். பிற்பாடு வேண்டுமானால் விட்டுவிடலாம். ஆரம்பத்தில் அது மருந்து மாதிரி.

தண்ணீர் குடிக்கவும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும், சாப்பிட்டு முடித்து அரை மணி வரையும் தண்ணீர் கூடாது. மற்ற நேரத்தில் ஒவ்வொரு மிடறாக, நாள் முழுவதும் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கவேண்டும். நாமோ செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிக்கிறவர்கள். அப்படிக் குடித்தால் காற்றும் சேர்ந்து இறங்கி நெஞ்சுக்கூட்டுக்குள் கல் வைத்தது போல வலிக்கும். உதடு வைத்துக் குடிக்க ஆரம்பித்ததும் ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. “எச்சில் பண்ணிய டம்ளரை அடுக்களைக்குள் கொண்டுவராதே” என்று ஒரு வாரம் சண்டை. கடைசியில் அவளே பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கொடுத்து, அதை எனக்கென்றே தனியாக வைத்துவிட்டாள். சித்திரை வெயிலில் பள்ளியில் மட்டும் இரண்டு முறை மயக்கம் வந்தது. இரண்டும் தண்ணீர் குறைந்ததால்தான். ஆபரேஷனை நவம்பர், டிசம்பரில் வைத்துக்கொள்ள முடிந்தால் நம் ஊர்க்காரர்களுக்கு நல்லது என்பது என் எண்ணம்.

பதநீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்காம் மாதம், ரோட்டோரத்தில் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்ததை ஒரே மூச்சில் குடித்தேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வியர்த்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இனிப்பு நீர் மொத்தமாகச் சிறுகுடலுக்குள் பாய்வதால் வருவது, டம்பிங் என்கிறார்கள். இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில் அதிகம் வரும், ஸ்லீவிலும் சிலருக்கு வருவதுண்டு. அன்றோடு பதநீர் நின்றது. நுங்கு மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

மூன்றாம் மாதத்துக்கு மேல் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஒன்பதாம் மாதம் தானாகவே நின்று மீண்டும் வளர்ந்தது. கை, வயிற்றுத் தோல் தொங்குகிறது. வெயில் காலத்தில் மடிப்புகளில் புண் வரும், பருத்தித் துணி வைத்துக்கொள்கிறேன். முகமூடி இயந்திரத்தை ஏழாம் மாதம் மறுபரிசோதனைக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். 8.9 இருந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) ஆறாம் மாதம் 5.9க்கு வந்தது, ஊசியும் மாத்திரையும் நின்றன. ரத்த அழுத்த மாத்திரை ஒன்று இன்றும் இருக்கிறது.

இனி அல்வா.

ஆபரேஷனுக்கு முன்பு நான் பயந்தது சோற்றுக்காகத்தான். சோறு இல்லாமல் எப்படி இருப்பேன் என்று அழுதேன். ஆனால் சோறு தானாகவே விலகிக்கொண்டது. நான்கு வாய் வைத்தால் மூக்கில் நீர் வரும், ஒரு விக்கல் எடுக்கும். அது என் வயிறு ‘போதும்’ என்று சொல்லும் அடையாளம். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் நெஞ்சில் அடைத்து, நுரை நுரையாக உமிழ்நீர் ஊறி, வாந்தி எடுத்தால்தான் அடங்கும். பரோட்டாவும் அப்படித்தான். செங்கோட்டைப் பக்கம் போனபோது ஆசைப்பட்டு வாயில் போட்ட ஒரு துண்டு ஒரு மணி நேரம் நெஞ்சிலேயே நின்றது.

அந்த வருடத் தீபாவளிக்கு அத்தை வீட்டிலிருந்து அரைக் கிலோ இருட்டுக்கடை அல்வா வந்தது. ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். சம்பா கோதுமைப் பால், சர்க்கரை, நெய். மெல்லவே தேவையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு விரல். மூக்கில் நீர் வரவில்லை, விக்கல் வரவில்லை, அடைக்கவில்லை, படபடப்பும் இல்லை. பேசிக்கொண்டே நூறு கிராமுக்கு மேல் தின்றிருக்கிறேன். ஒரு முழு முட்டையைத் தின்ன இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும் வயிறு அது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இவ்வளவு செலவழித்து, உடம்பை அறுத்துப் போட்ட வேலி கோழிக்கறியையும் பயறையும்தான் தடுக்கிறது, அல்வா அதன் அடியில் நுழைந்து போகிறது என்று புரிந்தது.

மருத்துவமனையில் யாரும் இதை எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கெட்டியான, மென்று தின்னவேண்டிய உணவுதான் அந்தக் குழாயில் தங்கி வயிறு நிறைந்த உணர்வைத் தரும். வாயிலேயே கரைகிறவை தங்காமல் இறங்கிவிடும். அல்வா, பாயசம், ஐஸ்கிரீம், டீயில் நனைத்த பிஸ்கட், சர்க்கரை போட்ட காப்பி எல்லாம் இந்த வகைதான். முறுக்கும் மிக்சரும் பார்வைக்குக் கெட்டி, வாய்க்குள் போனால் மாவு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் முதல் வருடம் பசியே தெரியாது, தின்னவும் தோன்றாது. அந்த ஒரு வருடத்தில் கெட்டியான உணவை முதலில் தின்கிற பழக்கம் கைவரவில்லை என்றால், பசி திரும்பும்போது கை தானாக மிக்சர் டப்பாவுக்குத்தான் போகும்.

எனக்கு அது நடந்தது 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி, வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. மகாராஜ நகரில் அண்ணன் வீட்டில் ஒன்றரை மாதம் இருந்தோம். முதல் சில நாள் கிடைத்தது ரொட்டி, பிஸ்கட், ரஸ்க், டீ. அதைக் குறை சொல்ல மாட்டேன். அன்று அது கிடைத்ததே பெரிது. ஆனால் வீடு திரும்பிய பிறகும் என் கை நிற்கவில்லை. சேறு வாரிக் கழுவிய அந்த நாட்களில் ஒரு வேளையும் உட்கார்ந்து சாப்பிடாமல், நின்றபடியே எதையாவது கொறித்துக்கொண்டிருந்தேன். 2024 மார்ச்சில் தராசு 86 காட்டியது. வயிறு மறுபடி விரிந்துவிட்டது என்று நினைத்து ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பெரிதாக விரியவில்லை. நான் ஒரு வாரம் நோட்டில் எழுதிய பட்டியலைப் பார்த்த பாளையங்கோட்டை மருத்துவர், மாலை நான்கு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடையில் தின்றதை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தார். ஒரு நாளைக்குச் சாப்பிட்டதில் பாதிக்கு மேல் அந்த வட்டத்துக்குள் இருந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பே வேறொரு தவறும் செய்திருந்தேன். இரண்டாம் வருட ரத்தப் பரிசோதனை நன்றாக வந்ததும் விட்டமின் மாத்திரைகளை நிறுத்தினேன். மருத்துவமனையிலிருந்து வந்துகொண்டிருந்த அழைப்புகளும் அந்தச் சமயத்தில் நின்றுபோயின. ஏழெட்டு மாதத்தில் பாதங்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. கரும்பலகைக்கு முன் நிற்கும்போது செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். பி12 அளவு 200க்கு மேல் இருக்கவேண்டிய இடத்தில் 128. உணவிலுள்ள பி12ஐப் பிரித்துக் குடலில் உறிஞ்ச உதவும் சுரப்புகள் இரைப்பையில்தான் உருவாகின்றன. என்னிடம் இரைப்பையே கால் பங்குதான். முன்பு வருடக்கணக்கில் விழுங்கிய சர்க்கரை மாத்திரையும் பி12ஐக் குறைக்கக் கூடியது. ஊசி போட்டு நான்கு மாதத்தில் சரியானது, இடது கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் மரப்பு மிச்சம். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி, இவை ஆயுள் முழுக்க. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி இருந்தால் வீட்டில் இருக்கவே கூடாது. விட்டமின் பி1 குறைந்து மூளையையும் நரம்பையும் தாக்கிவிடும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: காப்பீட்டு நிறுவனம் முதலில் ‘அழகுக்கான சிகிச்சை’ என்று மறுத்தது. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 40க்கு மேல் இருந்து மருத்துவர் பரிந்துரைத்தால் உண்டு என்று பாலிசியிலேயே அச்சிட்டிருந்ததைக் காட்டிய பிறகு முக்கால்வாசிப் பணம் வந்தது. 2022இல் உலக அளவிலான மருத்துவச் சங்கங்கள் அந்த எல்லையை 35க்கும், ஆசியர்களுக்கு 27.5க்கும் இறக்கிவிட்டன. ஆனால் என் பாலிசியில் இருப்பது பழைய கணக்குதான். சேருமுன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

இப்போது என் தட்டு இப்படி இருக்கிறது. காலையில் இரண்டு முட்டை, அரைத் தோசை முறுகலாக. பதினோரு மணி இடைவேளையில் அவித்த பாசிப்பயறு ஒரு கிண்ணம். பள்ளியில் மதிய இடைவேளை முழுவதும் எனக்குச் சாப்பாட்டுக்கே சரியாக இருக்கும்: முதலில் மீன் அல்லது கோழி, பிறகு அவியலோ பொரியலோ, கடைசியில் இரண்டு கரண்டிச் சோறு, பெரும்பாலும் அது மிஞ்சிவிடும். நான்கு மணிக்கு வடித்த தயிர். இரவு ஏழரைக்குள் சாப்பாடு முடிந்துவிடும். வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிக் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். எடை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அல்வா வந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தேக்கரண்டி. அதற்கு முன்பே மீதி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

பந்தியில்தான் இன்னும் சங்கடம். பெரியம்மாவுக்கு என் இலையைப் பார்த்தால் இன்றும் மனம் கேட்பதில்லை. “சமைத்தவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்பாள். அவளுக்குப் பதில் சொல்லி நான் சலித்ததில்லை. அவள் ஊட்டி வளர்த்த உடம்பு இது. வருகிற தையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைக்கும்போது, தேங்காய்ப்பாலை வடித்துக் காயும் பருப்பும் மட்டும் ஒரு கிண்ணம் எனக்குத் தனியாக எடுத்துவைக்க வேண்டும் என்று சமையல்காரரிடம் மதினி இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்கள்.