வண்டி மாட்டுக்கு லாடம்: நம்ம வட்டாரத்து வேலை எப்படி?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் லாடம் கட்ட இப்போது இரண்டு வழிதான். மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போகலாம். இல்லையென்றால் ஊர் ஊராக வருகிறவருக்குப் போன் போட்டு வீட்டுக்கே வரச்சொல்லலாம். வீட்டுக்கு வருபவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார். கொடுக்கலாம். சந்தையில் அடுத்த மாடு காத்து நிற்கிற அவசரம் அப்படியே குளம்பில் தெரியும்.

கூலியைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். மாடு நிற்பது மூன்றாம், நான்காம் விரல்களின் நுனியில். அந்த இரண்டு விரலின் உறைதான் பிளவுக் குளம்பு. பின்னால் தரை தொடாமல் தொங்கும் சின்னக் குளம்புகள் இரண்டாம், ஐந்தாம் விரல்களின் மிச்சம். ஆகவே காலுக்கு 2 லாடம், மாட்டுக்கு 8, ஜோடிக்கு 16. சொன்ன தொகை ஒரு மாட்டுக்கா ஜோடிக்கா, லாடமும் ஆணியும் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் பிறகு வாய்த்தகராறு இல்லை.

சாய்க்கிற வேலையில் நம்ம ஆட்கள் கெட்டிக்காரர்கள். கயிறு போட்டு இழுத்தால் மாடு அடிபடாமல் படுத்துவிடும். ஆனால் எந்த இடத்தில் சாய்க்கிறார்கள் என்பதில்தான் அலட்சியம். தார்ச்சாலை ஓரம் வேண்டாம். மணலோ வைக்கோல் பரப்பிய தரையோ வேண்டும். காலையில் தீனி, தண்ணீர் காட்டாமல் கொண்டுபோங்கள். வயிறு நிறைந்த மாடு பக்கவாட்டில் வெகுநேரம் கிடந்தால் ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பிவிடும். கட்டை அவிழ்த்ததும் எழுப்பிவிட வேண்டும். கட்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவரிடம் அடுத்த தடவை போகாதீர்கள்.

தரம் தெரிவது சீவலில். பழைய லாடத்தைக் கழற்றும்போது வெளியே மடங்கியிருக்கும் ஆணி முனையை முதலில் நிமிர்த்தவோ வெட்டவோ வேண்டும். அதைச் செய்யாமல் குறடு போட்டு நெம்பினால் குளம்பின் ஓடு சில்லு சில்லாகப் பிய்ந்து, அடுத்த ஆணிக்குப் பிடிமானமே இருக்காது. பிறகு வளர்ந்த நுனியைக் கழித்து, இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் தரையில் படும்படி உளியால் சீவ வேண்டும். குளம்பு மாதத்துக்குச் சுமார் 5 மி.மீ. வளரும், அதற்கு மேல் ஆசைப்பட்டுச் சீவினால் உள்ளங்கால் மெலிந்துவிடும். கட்டைவிரலால் அழுத்தும்போது குழைந்து கொடுத்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அந்த மாடு ஜல்லி ரோட்டில் தத்தித் தத்தித்தான் நடக்கும்.

அதிகம் பார்க்கிற குறை இன்னொன்று. கையில் இருக்கிற லாடம் சின்னதாக இருந்தால், அதற்கேற்றபடி குளம்பின் வெளிப்பக்கத்தை அரத்தால் ராவிவிடுகிறார்கள். குளம்புக்கு ஏற்ற லாடம்தான் வேண்டுமே தவிர, லாடத்துக்கு ஏற்ற குளம்பு இல்லை. அந்த வழுவழுப்பான மேல்பூச்சு போனால் ஓடு காய்ந்து வெடிக்கும். லாடம் இரண்டு பாதிக்கும் நடுவில் இருக்கிற இடுக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது, கல் சிக்கும்.

ஆணி விஷயத்தில் சமரசமே வேண்டாம். குளம்பின் அடியில், ஓடும் உள்ளங்காலும் சேருமிடத்தில், வெளிறிய கோடு ஒன்று தெரியும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே இறங்கி, ஓட்டின் பக்கவாட்டில் வெளிவர வேண்டும். இடுக்குப் பக்கத்து ஓடு மெல்லியது. அங்கே ஆணியே கூடாது. கோட்டைத் தாண்டி உள்ளே போனால் உயிர்ச்சதை. மாடு வெடுக்கென்று காலை உதறினாலோ ரத்தம் கசிந்தாலோ உடனே ஆணியைப் பிடுங்கி, டிங்சர் அயோடின் விட்டு, அந்த ஓட்டையைக் காலியாக விடச்சொல்லுங்கள். ‘ஒன்றும் ஆகாது’ என்று அதே ஓட்டையில் மறுபடி அடிப்பவரைத் தடுத்துவிடுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) வராமல் ஊசி போடுவது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. மறுநாள் நொண்டி, குளம்பும் சுட்டால் உள்ளே சீழ் கோக்கிறது.

சரி, எல்லா மாட்டுக்கும் லாடம் தேவையா? தார்ச்சாலையில் கரும்பும் மணலும் இழுக்கிற மாட்டுக்குக் கட்டாயம் தேவை. தேய்மானம் வளர்ச்சியை மிஞ்சிவிடும். வயலில் மட்டும் உழைக்கிற மாட்டுக்குத் தேவையில்லை. நாகை, திருவாரூர்ப் பக்கத்து உம்பளச்சேரி மாடு, குட்டைக் காலோடு சேற்று உழவுக்கென்றே வந்த இனம். அதை நடவுக் காலத்தில் லாடத்தோடு இறக்குவது வீண் செலவு. ஊறிய குளம்பு மெத்தென்று ஆகி ஆணி தளர, சேறு லாடத்தைக் கவ்வி இழுக்க, ஓடும் சேர்ந்து கிழியும். சம்பா உழவுக்கு முன் கழற்றிவிட்டு, சாலை வேலை தொடங்கும்போது மறுபடி கட்டுங்கள்.

மழைக்காலத்தில் குளம்பிடுக்கு அழுகி நாறினால் அன்றைக்கு லாடம் வேண்டாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் மயில்துத்தம் கரைத்து, சேறு கழுவிய காலைக் குளம்பு மூழ்க நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தொட்டிதான் நல்லது, இரும்பை அரித்துவிடும். மாடு அதைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றினால் மீன் செத்து மிதக்கும். கோமாரி கண்ட மாட்டை, புண் முழுக்க ஆறும்வரை லாடக்காரர் பக்கமே ஓட்டிப் போகாதீர்கள். அவருடைய கயிறும் உளியும் அடுத்த தொழுவத்துக்கும் போகிறவை.