மாருதி 800-க்கு ஏற்ற பட்டறை: சிங்காநல்லூர் பக்கம்

என்னுடையது 1996 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டி. காலையில் ஸ்டார்ட் ஆனதும் திக்கித் திக்கி ஓடும், மேட்டில் இழுக்காது. வேறொரு இடத்தில் பார்க்காமலேயே கார்புரேட்டரை மாற்றச் சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை, இங்கே கொண்டுவந்தேன்.

மெக்கானிக் அண்ணன் முதலில், சிலிண்டருக்கு ஒன்றாக இருந்து பெட்ரோலைப் பற்றவைக்கும் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் துணியில் வைத்தார். இரண்டு நல்ல பழுப்பு நிறம், மூன்றாவது மட்டும் கருப்பாக, ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தது. கலவையில் பெட்ரோல் அதிகமானால் மூன்றுமே கறுத்திருக்கும், அதனால் இது கார்புரேட்டர் கோளாறு இல்லை என்றார். அப்புறம் அந்தப் பிளக்கைத் துடைத்து இரண்டாவது சிலிண்டரில் போட்டார், அங்கே சரியாக எரிந்தது, ஆனால் மூன்றாவது சிலிண்டர் இன்னமும் அடிக்கவில்லை. சரி, பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர்தான் கோளாறு. ஷட்டரை இறக்கி இருட்டில் காட்டினார், வெடித்த ரப்பர் வழியாக நீலப் பொறி இன்ஜின் மேல் தாவிக்கொண்டிருந்தது!

ஒயர் செட் மாற்றி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பில் படிந்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, பிளக் இடைவெளியையும் அளந்து வைத்தார். கூலி 400 ரூபாய்தான், கழற்றிய பழைய ஒயரையும் கையில் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை கூட்டம் அதிகம், காலை ஒன்பதுக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.